கவர்ல நிக்கிறவனுக்கு எத்தனை மார்க்?

கபடி பாக்கறப்ப உங்க கண்ணு எங்க இருக்கும்? பாடிப் போறவன் மேலதானே? கேமராவும் அங்கதான் இருக்கும். அவன் தொடையைத் தட்டுறதும், கோட்டைத் தாண்டுறதும், எவனையோ தொட்டுட்டு பாய்ஞ்சு திரும்புறதும்தான் முப்பது செகண்ட் படம். அவன் மாட்டிக்கிட்டா அடுத்த ஃபோட்டோ கார்னர்ல நிக்கிறவனுக்கு. கணுக்காலைக் கவ்விப் பிடிச்சிருப்பான் பாருங்க, அவனுக்கு.

நடுவுல சென்டருக்குப் பக்கத்துல ரெண்டு பேரு நின்னாங்களே, கவர்னு சொல்லுவோமே, அவங்க என்ன பண்ணாங்கன்னு ஆட்டம் முடிஞ்சு யாரையாவது கேட்டுப் பாருங்க. "நின்னாங்க"ம்பாங்க :-)

இந்தப் பதிவு அந்த நின்னவங்களைப் பத்தி. கொஞ்சம் நீளம். காபி எடுத்துட்டு வந்துடுங்க.

முதல்ல ஒரு சின்ன சுத்து. எங்க ஆபீஸோட அமெரிக்க டீம்ல ஒரு பெரியவர் இருக்கார். பிலடெல்பியா ஈகிள்ஸ் வெறியர். அங்க ஞாயித்துக்கிழமை மேட்ச் முடிஞ்சா, அடுத்த காலுக்கு முதல் பத்து நிமிஷம் ப்ராஜெக்ட் ஸ்டேட்டஸ் எல்லாம் கிடையாது, மேட்ச் ஸ்டேட்டஸ்தான். அவங்க ஃபுட்பால்னா நம்ம ஃபுட்பால் இல்லைங்க, அந்த முட்டைப் பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுவாங்களே அது. அவர் ஒரு நாள் சொன்னார்: "பந்தைப் பாக்காதே. முன்னாடி குனிஞ்சு நிக்கிற அஞ்சு தடியன்களை மட்டும் பாரு."

ஒரு சென்டர், ரெண்டு கார்டு, ரெண்டு டேக்கிள். மொத்தம் அஞ்சு பேர். இவங்க வேலை, பந்தை எறியப் போற குவார்ட்டர்பேக்கை ரெண்டரை மூணு செகண்டுக்கு யாரும் நெருங்கவிடாம தாங்குறது. எறியற பந்தை இவங்க பிடிக்க முடியாது. கோல் கணக்கு மாதிரி எதுவும் இவங்க பேர்ல ஏறாது. எதிரணி ஆள் குவார்ட்டர்பேக்கைப் பந்தோட வீழ்த்தினா அதுக்கு 'சாக்'னு பேரு. வீழ்த்தினவனுக்கு அது 1982லேர்ந்து அதிகாரபூர்வக் கணக்கு. வீழ்த்தவிடாம தடுத்தவனுக்கு? அதிகாரபூர்வமா ஒண்ணும் கிடையாது. அவன் பேர் மைக்ல வர்றதே ஃபவுல் பண்ணினாத்தான்.

சரி, எத்தனை சாக் விட்டாங்கன்னு எண்ணி இவங்களை எடை போடலாமேன்னு கேட்டேன். அவர் 2021 பிப்ரவரி மேட்சைப் பாருன்னார். சூப்பர் பௌல் இறுதி ஆட்டம். கான்சாஸ் சிட்டி சீஃப்ஸுக்கு ரெண்டு பக்க டேக்கிளும் காயத்துல வெளிய. எறியறவர் பேட்ரிக் மஹோம்ஸ், அந்தக் காலத்துல யாரைக் கேட்டாலும் முதல் பேரா வர்ற ஆள். டாம்பா பே 31-9னு ஜெயிச்சுது. மஹோம்ஸ் மேல விழுந்த சாக் எத்தனை? வெறும் மூணு. மூணுதானே, லைன் மோசமில்லையேன்னு தோணும். ஆனா அன்னிக்கு அவரை நெருக்கின தடவை 29. எறியறதுக்கு முன்னாடி உயிர் தப்பிக்க அவர் பின்னாடியும் பக்கவாட்டுலயும் ஓடின தூரம் மொத்தம் கிட்டத்தட்ட 500 கஜம். லைன் இடிஞ்சு போனது சாக் கணக்குல தெரியலை, அவர் கால்ல தெரிஞ்சுது.

இதைக் கேட்டதும் எனக்கு எங்க பாட்டி ஞாபகம் வந்துச்சு. (சிரிக்காதீங்க!)

ஸ்ரீரங்கத்துல நம்பெருமாள் புறப்பாடு பாத்திருப்பீங்க. தோளுக்கினியான்ல எழுந்தருளப் பண்ணி ஸ்ரீபாதம் தாங்கிகள் தூக்கிட்டு வருவாங்க. வைகுண்ட ஏகாதசி சமயத்துல சிம்ம கதி, அந்த கதி இந்த கதின்னு நடையே ஒரு தனி வித்தை. கூட்டம் முழுக்கப் பெருமாளைத்தான் பாக்கும், அதுக்குத்தானே வந்திருக்கு. தூக்குறவங்க முகம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆனா உத்திர வீதி வீட்டுத் திண்ணையிலேர்ந்து பாட்டி மட்டும் தீர்ப்பு சொல்லும்: "இன்னிக்கு நடை சேரலை." அது எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேட்டா, "தூக்கறவன் காலைப் பாத்தா ஒண்ணும் தெரியாது. பெருமாள் மாலையைப் பாரு. அது ஒரே மாதிரி ஆடினா நடை நல்லா இருக்குன்னு அர்த்தம். வெட்டி வெட்டி ஆடினா எவனோ ஒருத்தன் தோள் மாத்தறதுல தடுமாறுறான்."

500 கஜக் கணக்கை எடுக்க அமெரிக்காவுல தோள்பட்டைக்குள்ள சிப் வெச்சாங்க. பாட்டிக்கு மாலை போதும்.

இந்த ரெண்டையும் வெச்சுக்கிட்டு நான் கபடிக்குள்ள நோண்ட ஆரம்பிச்சதுக்குக் காரணம் வேற. என் சித்தப்பா பையன். மண்ணச்சநல்லூர் பக்கம் ஒரு கிராமத்து டீமுக்கு ரைட் கவர்ல ஆடுறான். பொங்கல் சமயத்துல திருச்சியைச் சுத்தி லால்குடி, முசிறி, ஜீயபுரம்னு எங்க மைக் செட் கட்டினாலும் இவன் டீம் இருக்கும். வயசு இருபத்தி மூணு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு வேலைன்னு சித்தி வேண்டாத சாமி இல்லை. போன வருஷம் ஒரு இடத்துல செலக்‌ஷனுக்குப் போனான். எந்த இடம்னு வேண்டாம். மூணு குட்டி மேட்ச் ஆடவிட்டு, ஒரு அட்டையில யார் யார் எத்தனை புள்ளின்னு எழுதிக்கிட்டாங்க. இவன் பேருக்கு நேரா மூணு மேட்சுக்கும் சேர்த்து ரெண்டு. இவன் பக்கத்துல நின்ன கார்னர் பையனுக்கு ஒன்பது. கார்னர் உள்ளே, இவன் வெளியே. அந்தப் பையனே வெளிய வந்து, "அண்ணே, அந்த ஒன்பதுல பாதி இவன் தள்ளிவிட்டதுதாண்ணே"ன்னு எங்கிட்ட சொன்னான். சொல்லி என்ன பண்ண, அட்டையில அதுக்குக் கட்டம் இல்லை.

இது அந்த அட்டையோட குத்தம் மட்டும் இல்லைங்க. டிவியில வர்ற புரோ கபடியிலயும் ஒருத்தனைப் பிடிச்சா அந்தப் புள்ளி ஒரு ஆள் பேர்லதான் ஏறும். நாலு பேர் மேல விழுந்து அமுக்கினாலும் முதல்ல பிடிச்சவன் கணக்குதான். அஞ்சு புள்ளி எடுத்தா 'ஹை ஃபைவ்'னு திரையில பட்டாசு வெடிக்கும். உதவிக்கு வந்தவனுக்கு ஒரு ஊசிப் பட்டாசு கூடக் கிடையாது.

ஆட்டம் மறந்து போனவங்களுக்காக நாலு வரி. ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஒரு பக்கம் ஆறரை மீட்டர். நடுக்கோட்டுலேர்ந்து 3.75 மீட்டர்ல பாக் லைன், அதுக்கு மேல ஒரு மீட்டர் தள்ளி போனஸ் லைன். பாடி வர்றவன் யாரையும் தொடலைன்னாலும் பாக் லைனையாவது தாண்டணும், இல்லேன்னா அவன் அவுட். எதிர்ல ஆறு பேரோ ஏழு பேரோ இருந்தாத்தான் போனஸ் உண்டு. மூணு பேரோ அதுக்குக் கீழயோ இருந்து பிடிச்சா சூப்பர் டேக்கிள், கூட ஒரு புள்ளி. ரெண்டு ரெய்டு வெறுமனே போயிட்டு வந்தா மூணாவது 'டூ ஆர் டை', ஏதாவது எடுத்தே ஆகணும்.

இப்ப கவர்ல நிக்கிறவன் வேலை என்னன்னு பாருங்க. போனஸுக்கோ கார்னரைத் தொடவோ ஒருத்தன் ஓரத்துக்குப் போறான்னா, அவன் திரும்பி வர்ற வழியை அடைக்கிறது கவர். கார்னர் கணுக்காலைப் பிடிச்ச அரை செகண்டுக்குள்ள மேல வந்து விழலைன்னா அந்தக் கணுக்கால் உதறிட்டுப் போயிடும். போறப்ப ரெண்டு புள்ளியைத் தூக்கிட்டுப் போகும். இன்னொரு வேலை, ஒண்ணும் பண்ணாம இருக்கறது. ஒரு தப்படி முன்னால வந்து, பிடிக்கிற மாதிரி தோளைக் காட்டி, பிடிக்காம நிக்கிறது. பாடறவன் அந்தத் தோளைப் பாத்துட்டு அந்தப் பக்கம் போகவே மாட்டான். இதுக்குத்தான் எங்கயும் கட்டம் இல்லை.

நான் எக்செல்ல ஒரு ஷீட் போட்டேன். (சாஃப்ட்வேர்காரனுக்கு வேற என்ன தெரியும்?) தமிழ் தலைவாஸ் ஆட்டங்களை ராத்திரி மறுபடி ஓடவிட்டு, ரெய்டு ரெய்டா நிறுத்திப் பாத்தேன். முதல் ரெண்டு மேட்ச்சுலயே ஒரு சிக்கல். வெறும் ரெய்டு எல்லாத்தையும் தடுப்புக்காரங்க கணக்குல வரவு வெச்சா மானாவாரியா மார்க் ஏறுது. ஏன்னா பாதி வெறும் ரெய்டு பாடறவனே வேணும்னு பண்றது. முதல் ரெண்டுல சும்மா போயிட்டு வருவான், லீடு இருந்தா கடைசி அஞ்சு நிமிஷம் நேரத்தைக் கொல்லுவான். அதுல கவர்காரன் சாதிச்சது ஒண்ணுமில்லை. அதனால டூ ஆர் டை ரெய்டை மட்டும் தனியாப் பிரிச்சேன். அதுல வந்தவன் உள்ள வந்தே ஆகணும், வித்தை காட்ட முடியாது. அங்கதான் கவரோட தரம் தெரியும்.

அதுக்கப்புறம் பாட்டி ஃபார்முலா. கவரைப் பாக்காம, பாடறவன் காலை மட்டும் பாத்தேன். எந்தப் பக்கம் முதல்ல போறான், எவ்வளவு ஆழம் போறான், எத்தனாவது செகண்ட்ல பக்கம் மாத்தறான். நல்ல கவர் நிக்கிற பக்கம் பாடறவன் பாக் லைனை எட்டித் தொட்டுட்டு வழுக்கிக்கிட்டு மறுபக்கம் போவான். மோசமான கவர் இருந்தா நடுவுலயே நின்னு ஆடுவான், வீட்டுத் திண்ணை மாதிரி.

மூணாவதுதான் கஷ்டமானது. ஒருத்தன் கவருக்கும் கார்னருக்கும் நடுவுல புகுந்து தப்பிச்சுட்டான். யார் தப்பு? கார்னர் அவசரப்பட்டு ஏறினானா, கவர் லேட்டா? பேசி வெச்சது என்னன்னு தெரியாம வெளிய உக்காந்து மார்க் போட முடியாது. அமெரிக்காவுலயும் இதே சண்டைதானாம். புரோ ஃபுட்பால் ஃபோகஸ்னு ஒரு நிறுவனம் ஆட்டத்துல ஒவ்வொரு ப்ளேயிலயும் ஒவ்வொரு ஆளுக்கும் மைனஸ் ரெண்டுலேர்ந்து பிளஸ் ரெண்டு வரைக்கும் மார்க் போடுது. ஈஎஸ்பிஎன் ரெண்டரை செகண்ட் தாங்கினா ஜெயிப்புன்னு ஒரு கணக்கு வெச்சிருக்கு. ரெண்டுக்கும் கோச்சுங்க சொல்ற பதில் ஒண்ணுதான்: 'அந்த ஆளைத் தடுக்க வேண்டியது யார் வேலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?' என் ஷீட்ல இந்த இடத்துக்கு 'சந்தேகம்'னு ஒரு கட்டம் வெச்சேன். சத்தியமா அதுதான் அதிகமா நிரம்பிச்சு.

சரி, தலைவாஸுக்கு வருவோம். புரோ கபடி ஆரம்பிச்சது 2014. நம்ம டீம் வந்தது 2017ல. முதல் ரெண்டு சீசனும் அவங்க பிரிவுல கடைசி. 2019ல எல்லாரும் ஒரே பட்டியல், பன்னிரண்டு டீம்ல பன்னிரண்டாவது. வெச்சிருந்த பேர்களைப் பாருங்க: அஜய் தாக்கூர், ஜஸ்வீர் சிங், ராகுல் சௌத்ரி. எல்லாம் பாடறதுல சூரப்புலிங்க. மஞ்சீத் சில்லர் மாதிரி பெரிய தடுப்புக்காரரும் இருந்தாரு, இல்லேன்னு சொல்லலை. ஆனா ஏலத்துல கை தூக்கும்போதெல்லாம் முன்னாடி போறவனுக்குத்தான் கை உயர்ந்துது. நம்ம ஊர்ல ஹீரோவுக்கு சம்பளம் பேசிட்டு மிச்சத்துல படம் எடுக்கிற கதைதான்.

2021-22 சீசன்தான் எனக்குப் பிடிச்ச புதிர். கார்னர்ல நின்ன சாகர் ராத்தீ 82 புள்ளி எடுத்தார். தடுப்புக்காரங்க பட்டியல்ல, முகமதுரேசா சியானேவுக்கு அடுத்து ரெண்டாவது இடம். டீம் எத்தனாவது? பதினொண்ணு. தடுப்பு நல்லா இருந்தும் ஏன் தோத்தாங்கன்னு கேட்டா, பாட ஆள் இல்லைன்னு எல்லாரும் சொன்னாங்க. அதுல உண்மை இருக்கு. உடனே அடுத்த ஏலத்துல பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தாங்க. அதுவரைக்கும் அந்தத் தொகைக்கு எவரும் போனதில்லை. 2022 அக்டோபர்ல முதல் மேட்ச், முதல் பாதியிலயே முட்டி போச்சு. சீசனே அவருக்கு அங்க முடிஞ்சுது.

இங்கதான் கதை. பவன் இல்லாத அந்த டீம் முதல் முறையா பிளே ஆஃப் போச்சு. எலிமினேட்டர்ல யூபி யோதாஸை டை பிரேக்கர்ல ஜெயிச்சு, அரையிறுதியில புனேகிட்ட 37-39னு ரெண்டே புள்ளியில தோத்துது. நரேந்தர்னு ஒரு புதுப் பையன் 243 ரெய்டு புள்ளி எடுத்தான். அதை மறைச்சுட்டு தடுப்பைப் புகழ்ந்தா அது போங்கு. நடுவுல கோச்சும் மாறி அஷன் குமார் வந்திருந்தார். ஆனா பின்னாடி நின்ன சாகர், சாஹில் குலியா, ஹிமான்ஷு, நம்ம ஊர்ப் பையன் அபிஷேக் எல்லாம் முந்தின சீசனே ஒண்ணா ஆடினவங்க. பக்கத்துல நிக்கிறவன் எப்ப ஏறுவான்னு ஒருத்தருக்கொருத்தர் தெரியும். அபிஷேக் கவர்ல நிக்கிறவர். அவர் கணக்கைத் தனியாப் பாத்தா கண்ணைப் பறிக்காது. ஆட்டத்தைப் போட்டு, பாடறவன் காலைப் பாருங்க.

அப்ப அதே லைனை வெச்சுக்கிட்டா கப்புதானான்னா, அதுவும் இல்லை. சாகர், சாஹில், அபிஷேக் எல்லாம் இருந்தும் 2023-24ல ஒன்பதாவது இடம். என் ஷீட்டும் இதுக்குப் பதில் சொல்லலை. அவசரப்பட்டு ஏறிப் பிடிக்கிறது அந்த சீசன்ல கூடிப்போச்சுன்னு எனக்குத் தோணுது. பிடிச்சுப் பேர் வாங்கின லைன், பிடிக்காம நிக்கிறதைக் கொஞ்சம் மறந்துட்ட மாதிரி. அளந்து நிரூபிச்சது இல்லை, பாத்ததுல வந்த அபிப்பிராயம்தான். மறுக்கறவங்க தாராளமா வாங்க, கும்மலாம்.

நிக்கத் தெரிஞ்ச ஆள்னா நம்ம பக்கத்துலயே ஒருத்தர் இருக்கார். தர்மராஜ் சேரலாதன். கல்லணை தாண்டி தஞ்சாவூர் மாவட்டம் திருச்சினம்பூண்டிக்காரர். கபடி உலகத்துக்கே 'அண்ணா'. 1975ல பிறந்தவர், 2016ல பாட்னா பைரேட்ஸுக்கு கேப்டனா இருந்து கோப்பை வாங்கினப்ப நாற்பத்தி ஒண்ணு. 2019லயும் ஆடினார். இருபது வயசுப் பையனோட ஓட்டத்துல அவர் போட்டி போட முடியுமா? ஓடவே மாட்டார். கொஞ்சம் தள்ளி நிப்பார், பையன் அவர் வேணும்னு நினைக்கிற இடத்துக்குத் தானா வருவான். என் சித்தப்பா பையன் அவர் வீடியோவைப் பாக்கிற மாதிரி பாடப் புத்தகத்தைப் பாத்திருந்தா கோட்டாவே தேவைப்பட்டிருக்காது :-)

அவனுக்கு வர்ற மாசம் இன்னொரு இடத்துல செலக்‌ஷன். வயசு வரம்பு பாத்தா இதுவும் விட்டா இன்னும் ஒண்ணோ ரெண்டோதான். அதனால போன பொங்கலுக்கு அவன் ஆடின ரெண்டு மேட்ச்சை நான் ஃபோன்ல எடுத்து வெச்சிருந்ததைப் போட்டு, அதே ஷீட்டை அவனுக்காக நிரப்பினேன். எதிரணியோட நல்ல ரெய்டர் இவன் நின்ன பக்கம் போனது எத்தனை தடவை, மறுபக்கம் எத்தனை தடவை, இவன் அவுட்டாகி வெளிய உக்காந்திருந்தப்ப அது எப்படி மாறுச்சு. இந்தக் கடைசிதான் முக்கியம். இவன் உள்ள இருந்தவரைக்கும் அந்த ரெய்டர் இடது பக்கமே சுத்திக்கிட்டு இருந்தான். இவன் வெளிய போன அடுத்த ரெய்டுலயே வலது பக்கம் வந்து ரெண்டு பேரைத் தொட்டுட்டுப் போனான். வீடியோவுல நேரத்தோட குறிச்சு வெச்சிருக்கேன்.

ரெண்டே மேட்ச்சுதான். ஆபீஸ்ல இப்படி ரெண்டு நாள் லாகை வெச்சு நான் முடிவு சொன்னா என் மேனேஜரே துரத்திவிடுவார். ஆனா 'ரெண்டு புள்ளி'ன்னு எழுதின அந்த அட்டையைவிட இது பரவாயில்லைன்னு நினைக்கிறேன். பேப்பர்ல ஒரு பக்கத்துக்கு அடங்கற மாதிரி சுருக்கி, ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கிட்ட ஒரு ஜெராக்ஸ் கடையில கலர் பிரிண்ட் எடுத்தேன்.

நேத்து சாயந்திரம் அவன் பைக்ல வந்து வாங்கிக்கிட்டான். அம்மா மண்டபம் படியில உக்காந்து ரொம்ப நேரம் பாத்தான். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

"எல்லாம் சரிண்ணே. சத்தம் எங்க?"

"என்ன சத்தம்?"

"நான் கத்துவேன்ல. 'போனஸ்'னு, 'ஏறாத'ன்னு, 'கால் தர்றான்'னு. கார்னருக்கு எதிர்ல ஆள் நிக்கிறப்ப பின்னாடி தெரியாதுண்ணே, நான்தான் சொல்லணும். அதான் பாதி வேலை."

ஃபோன் வீடியோவை மறுபடி போட்டுப் பாத்தோம். ஊர்த்திருவிழா மைக்ல சினிமாப் பாட்டு, கூட்டத்தோட விசில், ஒருத்தர் ஓயாம தொலைஞ்சு போன செருப்பைப் பத்தி அறிவிச்சுக்கிட்டு இருக்கார். இவன் வாய் அசையறது மட்டும் தெரியுது. எண்ணினோம். முதல் பாதியில மட்டும் நாற்பத்தி ஒரு தடவை.

ஷீட்ல புதுசா ஒரு கட்டம் சேர்த்தாச்சு. ரெண்டாவது பாதியை இன்னிக்கு ராத்திரி எண்ணணும்.